இரண்டு சப்வூஃபரும் ஒரு பூட்டிய அறையும்

"மேடம், ஒரு சந்தேகம்" என்றான் வாயாடி. "துப்பறியறவங்க துப்பாக்கிதானே தூக்குவாங்க? நான் மட்டும் ஏன் பீரோ தூக்கிட்டிருக்கேன்?"

அது பீரோ இல்லை, சப்வூஃபர்; பேஸ் என்கிற கீழ் ஸ்தாயி சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. ஆனாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் உள்ளே அடங்கிவிடலாம், அவ்வளவு பெரிய பெட்டி. படியோ கீழே போகப் போகக் குறுகிக்கொண்டே போனது. மேடம் வெறுங்கையோடு முன்னால் இறங்கினார்.

"பேச்சைக் குறைச்சா மூச்சு மிச்சமாகும். தூக்கு."

பேச்சைக் குறைப்பதாம்! அது நடக்கிற காரியமா? அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பெற்ற தாயே அவனை வாயாடி என்றுதான் கூப்பிட்டாள். மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது திருட்டுத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். அதில் ஊழியர் என்று இருப்பது இவன் ஒருவன்தான்.

வாயாடி மேடத்திடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்றே ஒன்று. அடைத்த அறை என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். ஆபீஸுக்கு லிஃப்ட் இருந்தும் நாலு மாடி ஏறி வருவான். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பான். அப்படிப்பட்டவன் இப்போது ஜன்னலே இல்லாத பாதாள அறையை நோக்கி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாம் காலையில் வந்த கடைக்காரம்மாவால் வந்த வினை.

பெரிய சவுண்ட் கடையைத் தனி ஆளாக நடத்துகிற அம்மா. கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்ததுமே கண் கலங்கிவிட்டது. "என் கஸ்டமர் ஒருத்தருக்கு ஏதோ ஆயிடுச்சுங்க" என்றார். கஸ்டமர் ஒரு கேப்டன், கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வீட்டுக்குக் கீழே படம் பார்க்க ஒரு அறை கட்டியிருந்தார். அதற்கு ஒரு சப்வூஃபர் வேண்டும். அதே பெட்டியில் பாட்டும் கேட்க வேண்டும்.

"அதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டான் வாயாடி.

"அதுலதான் கஷ்டமே. மூடின பெட்டின்னு ஒண்ணு இருக்கு. சின்னதா, கனமா இருக்கும். அடி விழுந்ததும் சத்தம் டக்குனு நின்னுடும், பாட்டுக்கு அது அவ்வளவு சுத்தம். ஓட்டைப் பெட்டின்னு இன்னொண்ணு. முன்னாடி ஒரு ஓட்டை வழியா காத்தையும் சேத்துத் தள்ளும். படத்துல குண்டு வெடிச்சா சோபாவே ஆடும். ஆனா பாட்டுல கொஞ்சம் இழுக்கும். இவருக்கு ரெண்டும் வேணும், பெட்டி மட்டும் ஒண்ணுதான் வேணும். நாலு மாசமா தினம் காலையில போன் பண்ணி ஒரு சந்தேகம் கேப்பார். நானும் சொல்லுவேன். மறுநாள் வேற சந்தேகம்."

"தினமுமா?" என்றார் மேடம். அவர் புருவம் லேசாக உயர்ந்தது.

"தினமும். அப்புறம் திடீர்னு போன் நின்னு போச்சு. நான் பண்ணினா அவரோட அக்கா மகன் எடுத்து, மாமா தூங்கறார்னு வெச்சுடறான். அந்தப் பையனுக்கு வீட்டு மேல கண்ணுன்னு அவரே ஒரு தடவை சொல்லியிருக்கார். நேத்து அவரே பேசினார். 'முடிவு பண்ணிட்டேன், பாட்டுக்கு ஓட்டைப் பெட்டிதான் சரி, அனுப்பி வைங்க'ன்னார். பட்டுனு வெச்சுட்டார்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்கு வியாபாரம் ஆச்சு."

"அந்த மனுஷன் முடிவு பண்ணினதுதாங்க தப்பு!" கடைக்காரம்மா மேஜையையே தட்டிவிட்டார். "அதுவும் பாட்டுக்கு ஓட்டைப் பெட்டின்னு! செத்தாலும் அந்த வார்த்தை அவர் வாயில வராது. போலீஸ்ல சொன்னேன். ஒருத்தர் சாமான் வாங்க முடிவு பண்றது எந்தச் சட்டத்துலம்மா குற்றம்னு கேட்டுச் சிரிக்கிறாங்க."

மேடம் சிரிக்கவில்லை. "ரெண்டு பெட்டியையும் வண்டியில ஏத்துங்க. நாங்க உங்க கடை ஆளுங்க. ரெண்டையும் போட்டுக் காட்டி, கஸ்டமருக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுட்டு வருவோம். உள்ள போய் நோட்டம் விட அவ்வளவு நேரம் போதும்."

நானும் வருவேன் என்று கடைக்காரம்மா ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் வேனின் பின்பக்கம், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து உட்கார்ந்து வந்தார்.

இதுதான் கதை. இப்போது பெட்டியோடு வாயாடி கடைசிப் படியில் நின்றான்.

கீழே அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி அக்கா மகன் காத்திருந்தான். வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. வாசலில் வந்து இறங்கியபோதே ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருந்தான். "வேனைக் கொண்டாந்து கேட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கியே, என் கார் எப்படி வெளிய வரும்?" என்று.

"சார், ஒவ்வொரு பெட்டியும் என் எடை இருக்கு சார். ரோட்டுல இருந்து தூக்கினா என்னையும் யாராவது தூக்கணும்" என்று அப்போது சமாளித்திருந்தான் வாயாடி.

"மாமா ஊர்ல இல்ல. சீக்கிரம் மாட்டிட்டுக் கிளம்புங்க" என்றான் அக்கா மகன். "உங்க முதலாளியம்மாகிட்ட சொல்லிடுங்க, இனிமே போன் பண்ண வேண்டாம்னு."

தூங்குகிறவர் ஊருக்குப் போய்விட்டார். மேடமும் வாயாடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உள்ளே போனார்கள்.

நல்ல அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்துக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. வாயாடி ஒருமுறை இருமினான். இருமல் வாயோடு நின்றுவிட்டது, எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. திரைக்கு எதிரே இரண்டு சாய்வு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றின் கைப்பிடி தேய்ந்து வெளுத்திருந்தது. மற்றதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மேடம் அந்த உறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டு பெட்டியும் உள்ளே வந்து சேர்ந்தன. வாயாடிக்கு வியர்த்துக் கொட்டியது. தூக்கினதால்தான் வியர்வை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"மூடின பெட்டியை நாற்காலி மேல வை" என்றார் மேடம்.

"மேல ஆள் உட்கார வேண்டாமா மேடம்?"

"இடம் கண்டுபிடிக்கிற முறை இதுதான். கேக்கற ஆள் இருக்கற இடத்துல பெட்டியை வெச்சுப் பாட்டைப் போடணும். நீ செவுத்தோரமா தவழ்ந்துகிட்டே போ. எங்க பேஸ் சுத்தமா கேக்குதோ, அதுதான் பெட்டிக்கு இடம்."

காலையில் கடைக்காரம்மா வண்டியில் சொல்லிக் கொடுத்த பாடம். அதை மேடம் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி சொன்னார்.

"கல்யாணம் ஆகாதவன் மேடம். இதை யாராவது போட்டோ எடுத்தா எனக்கு எவன் பொண்ணு தருவான்?"

சொன்னானே தவிர, மண்டியிட்டுவிட்டான். பாட்டு ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, வேடிக்கையான சங்கதிதான். சுவரின் நடுவில் பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. மூலைக்கு வந்ததும் குபுகுபுவென்று பெருகி வந்து நெஞ்சில் இடித்தது. வாயாடி மூலையில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் அறை அடைத்திருப்பதுகூட மறந்துபோனது.

"எப்படி சார், பாட்டுக்கு இது போதுமா?" என்று மேடம் கேட்பது கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? சத்தமா இருந்தா சரி" என்றான் கதவில் சாய்ந்திருந்த அக்கா மகன்.

மேடம் சுவிட்சை அணைத்தார். பாட்டு டக்கென்று நின்றது.

தும். தும். தும்.

"மேடம்!" வாயாடி மூலையிலிருந்தபடியே கூவினான். "அபாரமான பெட்டி மேடம்! சுவிட்சை அணைச்ச பிறகும் பேஸ் வருது!"

வாயை விட்டு வார்த்தை வெளியே போனதும்தான் புத்திக்கு எட்டியது. சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. கூரையிலிருந்து, சுவர் வழியாக இறங்கி வந்தது. மேல் அறையில் யாரோ தரையைக் காலால் இடிக்கிறார்கள். மேடம் கண்ணை மூடித் திறந்தார். அக்கா மகனின் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"தண்ணிக் குழாய்" என்றான் அவன்.

"குழாய் எப்படி சார் தாளம் தப்பாம அடிக்கும்?"

கடவுளே, இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது! அக்கா மகன் ஒரே எட்டில் வெளியே போனான். விலை கூடிய சாமான்கள் இருக்கிற அறை என்று கேப்டன் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு போட்டிருந்தார். அது இப்போது அக்கா மகனுக்கு உதவியது.

"மாமாவும் நானும் கிளம்பறோம்" என்றான், கதவிடுக்கில் முகத்தை வைத்து. "என்னைக்காவது யாராவது வந்து திறப்பாங்க. அதுவரைக்கும் பாட்டு கேளுங்க."

ப்ச் என்ற சத்தத்தோடு கதவு பொருந்தியது. சாவி திரும்பியது.

வாயாடி கதவைக் குத்தினான். பஞ்சில் கை புதைந்தது, சத்தமே வரவில்லை. கத்தினான். கத்தல் அவன் காதுக்கே பாதிதான் கேட்டது. சுவர் நாலு பக்கமும் நெருங்கி வருவது போலிருந்தது. சட்டைப் பொத்தானை அவிழ்த்தான், அப்போதும் மூச்சு இறங்கவில்லை. இது பயம், சுத்தமான பயம். இதற்கு வேறு பெயர் வைத்து மழுப்புவதற்கு ஒன்றுமில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க மேடம். அடைச்ச ரூம்னா எனக்கு ஆகாது. லிஃப்ட்ல கூட..."

"தெரியும். நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிட்டே உடம்புக்கு நல்லதுங்கறியே, அன்னைக்கே தெரியும்." மேடத்தின் குரலில் கோபம் இல்லை. "அழணும்னா அழு. ஆனா வேலை பாத்துகிட்டே அழு. நமக்கு நேரமில்ல. அவன் கேப்டனைக் கார்ல ஏத்திட்டா அதுக்கப்புறம் அவரை உசிரோட பாக்கறது சந்தேகம். ரெண்டு பெட்டியில எது வேணும், சொல்லு."

"இப்பவா மேடம் சப்வூஃபர் வாங்கறது?"

"நம்ம கத்தலை இந்தப் பஞ்சு முழுங்கிடும். கீழ் ஸ்தாயி பேஸை இதால முழுங்க முடியாது. அது செவுத்தையே ஆட்டிகிட்டு வெளிய போகும். மேல இருந்து அவர் இடிச்சது நமக்குக் கேட்டுதுல்ல? அதே வழிதான். வேன்ல ஒரு நல்ல காது உட்கார்ந்திருக்கே, மறந்துட்டியா?"

வாயாடி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ஓட்டைப் பெட்டி. சோபா ஆடுமாமே, செவுரும் ஆடட்டும்."

ஒயரை மாற்றிக் குத்தினார்கள். ஓட்டைப் பெட்டியை மூலைக்குத் தள்ளினார்கள். கேப்டன் கடைசியாகப் பார்த்த படம் இயந்திரத்திலேயே இருந்தது. ஏதோ கடல் படம். மேடம் புயல் வரும் இடமாகப் பார்த்து ஓட்டினார். சத்தத்தை வைக்க முடிந்த மட்டும் உயர்த்தினார்.

அலை வந்து அடித்தது. அட, அது சத்தமே இல்லை, உதை! பெட்டியின் ஓட்டையிலிருந்து வந்த காற்று வாயாடியின் கால்சட்டையைப் படபடக்க வைத்தது. பல் ஆடியது. கூரையிலிருந்து காரைத் தூள் உதிர்ந்தது. அலைக்கும் அலைக்கும் நடுவில் மேலேயிருந்து பதில் வந்தது. தும் தும் தும் தும் என்று ஆவேசமாக.

"ஐயா! நாங்க கீழதான் இருக்கோம்!" என்று கூவினான் வாயாடி. முகம் தெரியாத அந்த மனிதரை அந்த நிமிஷம் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது எல்லாம் அணைந்தது. படம், பெட்டி, விளக்கு, எல்லாமே.

"மெயினை இறக்கிட்டான். போன் லைட்டைப் போடாதே, இருட்டு நமக்குத்தான் நல்லது" என்றது மேடத்தின் குரல்.

அந்த இருட்டைச் சொல்லி முடியாது. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். மேலே ஏதோ தரதரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. இடி சத்தமும் நின்றுவிட்டது.

"கூட்டிட்டுப் போறான் மேடம். நான் மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா அந்தப் பெரியவர்..." வாயாடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் பையில என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"மிட்டாய். வேணுமா மேடம்?"

"அந்தப் பக்கத்துப் பையில?"

தடவினான். ஏதோ சில்லென்று கையில் பட்டது. தடவிக்கொண்டே இருந்தவன் கை அப்படியே நின்றது.

"மேடம்... வேன் சாவி."

"வேன் எங்க நிக்குது?"

"கேட்டுக்குக் குறுக்க..." வாயாடிக்கு அந்த இருட்டிலும் சிரிப்பு வந்துவிட்டது. பைத்தியக்காரன் மாதிரி சிரித்தான். "அவன் கார் உள்ள இருக்கு! வெளிய போக வழியே இல்ல!"

"நம்மள அடைச்சப்பவே அவன் தன்னையும் அடைச்சுக்கிட்டான். இன்னும் தெரியல, அவ்வளவுதான். கேட்டு வரைக்கும் போனதும் தெரிஞ்சுடும். இந்தச் சாவிக்காக அவனே வந்து கதவைத் திறப்பான். வெறுங்கையோட வர மாட்டான், அதான் யோசனை." மேடம் இருட்டில் எதையோ தட்டினார். கெட்டியான மர ஓசை. "இப்ப ரெண்டாவது பெட்டியைத் தேர்ந்தெடுப்போம்."

"மூடின பெட்டியா?"

"சின்னது, கறுப்பு, நல்ல கனம். இருக்கற இடமே தெரியாம வேலை செய்யணும், அதுதான் நல்ல சப்வூஃபர்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? அதைத் தூக்கி வாசப்படிக்கு உள்பக்கம் வை. சாவியை என்கிட்ட குடு. நீ கதவுக்குப் பக்கத்துல நில்லு. வாயைத் திறந்தா சம்பளம் கிடையாது."

காத்திருந்தார்கள். வாயாடி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவு திறக்கவே கூடாது என்றும், உடனே திறக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டான்.

சாவி திரும்பியது. ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் இரும்புக் கம்பியுமாக அக்கா மகன் வாசலில் நின்றான். மூச்சு இரைத்தது.

"வேன் சாவி எங்கடா?"

"இங்க இருக்கு சார்" என்றார் மேடம் எதிர்ச் சுவரிலிருந்து. கையை உயர்த்திச் சாவியைக் கிலுகிலுவென்று ஆட்டினார். டார்ச் வெளிச்சம் அதன்மேல் போய் நின்றது. அக்கா மகன் அதைப் பார்த்தபடியே பாய்ந்தான். காலடியைப் பார்க்கவில்லை.

பெட்டி அசையவே இல்லை. அசைந்தது அவன்தான். முழங்காலுக்குக் கீழே இடித்து, அம்மா என்று அலறிக்கொண்டு பெட்டிக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்தான். கம்பி உருண்டது. வாயாடி அதை எட்டி எடுத்தான். மேடம் சேலையைத் தூக்கிப் பிடித்து, விழுந்தவனைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். இருவருமாகக் கதவைச் சாத்தினார்கள்.

ப்ச்.

பூட்டிலேயே இருந்த சாவியை வாயாடி திருப்பினான். உள்ளே அவன் கத்தியிருப்பான். பாவம், கேட்கவில்லை.

"ஓட்டைப் பெட்டியால கூப்பிட்டோம், மூடின பெட்டியால கவுத்தோம்" என்றான் வாயாடி படியில் தாவிக்கொண்டே. "ஒரே வீட்டுல ரெண்டும் வேணும்தான் போலிருக்கு மேடம்."

வெளியே சாயங்கால வெயில். காற்று! வாயாடி அதைக் குடிப்பதுபோல் இழுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினான். கேப்டன் எந்த நிலையில் இருக்கிறாரோ, மூச்சு இருக்கிறதோ இல்லையோ என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

கேப்டன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

காரின் பின்சீட்டில், தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கயிறு இறுகின தடம். அவிழ்த்த கயிறு கடைக்காரம்மாவின் கையில் இருந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டுக்கு ஓட்டைப் பெட்டின்னு சொன்னா நீங்க புரிஞ்சுப்பீங்கன்னு சொன்னேன். அதுக்காக நிஜமாவே அதைத் தூக்கிட்டு வர்றதா?" என்றார் கேப்டன்.

"ரெண்டும் வந்திருக்கு! கொஞ்சம் பேசாம இருங்க, கை எப்படி வீங்கியிருக்கு பாருங்க!" கடைக்காரம்மா இவர்களைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாதிப் புயல்ல சத்தம் நின்னு போச்சு. எங்க தொழில்ல யாரும் அப்படி அணைக்க மாட்டோம், வால்யூமைக் குறைச்சுட்டுத்தான் அணைப்போம். உடனே போலீஸுக்குப் போன் போட்டேன். அவன் மறுபடி உள்ள ஓடினதும் இறங்கி வந்து இவர் கட்டை அவுத்தேன். இந்தத் தடவை சிரிக்கல, வந்துகிட்டிருக்காங்க."

"உங்களை ஏன் சார் அடைச்சு வெச்சான்?" என்றார் மேடம்.

"வீட்டை எழுதிக் குடுன்னான். மாட்டேன்னேன். பூட்டிட்டான்." கேப்டன் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இவங்க விடாம போன் பண்ணிப் பண்ணி அவன் உயிரை வாங்கிட்டாங்க. ஒரு ஆர்டரைச் சொல்லி அந்தம்மா வாயை அடைங்கன்னு அவனே போனை நீட்டினான். அவனுக்கு எந்தப் பெட்டியா இருந்தா என்ன?"

"சரி, அதெல்லாம் போகட்டும்." கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்தார். "நாலு மாசம் என்னைப் படுத்தினீங்க. இன்னைக்கு ரெண்டு பெட்டியும் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க, எது வேணும்?"

கேப்டன் தரையைப் பார்த்தார். கப்பலையே ஓட்டின மனுஷன், காது சிவந்துபோனது.

"சொல்லிட்டா, நாளைக்குக் காலையில எதைச் சாக்கு வெச்சு உங்களுக்குப் போன் பண்றது?"

கடைக்காரம்மா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். வாயாடிக்கு உறை பிரிக்காத அந்த இரண்டாவது நாற்காலி ஞாபகம் வந்தது. அவன் மேடத்தைப் பார்த்தான். மேடத்துக்கு இது காலையிலேயே தெரியும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"சாக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரம்மா, கயிற்றைப் பார்த்தபடியே. "சும்மாவே பண்ணுங்க."

அடடா! சொல்ல எத்தனை இருந்தது! வாயாடி மூச்சை இழுத்து, வாயைத் திறந்தான்.

மேடம் அவன் காலை நன்றாக அழுத்தி மிதித்தார்.